ஆசிட் பாட்டில்களுக்கு எஸ்.எஸ். அலமாரி: ஒரு கடலோரப் பரிசோதனை ஆய்வகத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில், உப்புக்காற்று ஆண்டு முழுவதும் வீசும் ஒரு நகரத்தில் இயங்கும் தனியார் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில் நடந்ததை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. குடிநீர், ஆழ்துளைக் கிணற்று நீர், தொழிற்சாலைக் கழிவுநீர் ஆகியவற்றைப் பரிசோதித்து அறிக்கை தருவது அதன் அன்றாட வேலை. ஒரு பக்கத்தில் சிறிய நுண்ணுயிரியல் பிரிவும் உண்டு. ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025:2017 தரத்தின்படி அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் என்பதால் அதன் பதிவேடுகள் ஒழுங்காக இருந்தன. நான் பாதுகாப்பு ஆலோசகராக இடையில் அழைக்கப்பட்டவன். அதற்கு முந்தைய விவரங்களை அந்தப் பதிவேடுகளிலிருந்தும் பணியாளர்கள் சொன்னவற்றிலிருந்தும் தொகுத்திருக்கிறேன்.

நீர்ப் பரிசோதனைக்கு வேண்டிய வேதிப்பொருள்கள் எந்த ஊர் ஆய்வகத்திலும் ஏறக்குறைய ஒன்றேதான். உலோகங்களை அளக்குமுன் மாதிரியை டைஜஷன் செய்ய (அமிலத்தோடு சூடாக்கிக் கரைக்க) நைட்ரிக் அமிலம், சி.ஓ.டி. (மாசை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பரிசோதனைக்குக் கந்தக அமிலமும் டைகுரோமேட்டும், கடினத்தன்மை டைட்ரேஷனில் பி.எச். அளவை 10-இல் நிறுத்தும் பஃபர் கரைசலுக்கு அடர் அம்மோனியா, எண்ணெயையும் கொழுப்பையும் பிரித்தெடுக்க ஹெக்சேன், அந்த மாதிரிகளை முன்கூட்டியே அமிலப்படுத்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், இவற்றுடன் அசிட்டோன், மெத்தனால், அசிட்டோநைட்ரைல், கிளேசியல் அசிட்டிக் அமிலம் என்று பட்டியல் நீளும். இவை அனைத்தும் முன்பு சிமெண்ட் ஸ்லாப் தட்டுகளிலும் பழைய மர அலமாரி ஒன்றிலும் இருந்தன. அங்கீகாரத் தணிக்கைக்கு வந்தவர்கள், அமிலங்களும் கரைப்பான்களும் திறந்த தட்டில் அடுத்தடுத்து இருப்பதைக் குறையாக எழுதிவிட்டுப் போனார்கள். அந்தக் குறையைத் தீர்க்கவே எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) அலமாரி வாங்க முடிவு செய்யப்பட்டது.

கொள்முதல் நடந்த விதம்

கோப்பில் உள்ள கொள்முதல் கோரிக்கை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: எஸ்.எஸ். 304 கெமிக்கல் ஸ்டோரேஜ் கேபினட், இரண்டு கதவு, நான்கு தட்டு, பூட்டுடன், மூன்று எண்ணம். 304 என்பது எஸ்.எஸ். உலோகத்தின் ஒரு தரவகை. எந்த அலமாரியில் எதை வைக்கப்போகிறார்கள் என்ற குறிப்பு அதில் இல்லை. வேதியியலர்களிடம் கேட்டதற்கான அடையாளமும் இல்லை. மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கப்பட்டு, குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் போனது. கடலோரம் என்பதால் இரும்பு அலமாரிக்குப் பெயிண்ட் அடித்து மாளாது, எஸ்.எஸ். என்றால் பிறகு கவலையே இல்லை என்று நிர்வாகம் கருதியது. சமையலறையிலும் மருத்துவமனையிலும் அந்த உலோகம் பல ஆண்டுகள் பளபளப்பாக இருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது இயல்பான முடிவுதான். ஆனால் அந்த இரண்டு இடங்களிலும் அமில ஆவி கிடையாது.

அலமாரிகள் வந்து இறங்கியபோது கொள்முதல் அலுவலர் கையோடு ஒரு காந்தம் கொண்டுவந்து கதவிலும் தட்டிலும் வைத்துப் பார்த்திருக்கிறார். எங்கும் ஒட்டவில்லை, எனவே தரமான எஸ்.எஸ். என்று ஏற்புச் சீட்டில் கையெழுத்தாயிற்று. இந்தச் சோதனை கடைவீதி முழுக்கப் பரவியிருக்கிறது, ஆனாலும் அது சொல்வது மிகக் கொஞ்சம். நிக்கல் மிகுந்த 304 ஆனாலும், நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 200 வரிசைத் தகடு ஆனாலும் காந்தம் ஏறத்தாழ ஒட்டாது. 400 வரிசைத் தகட்டையும் சாதாரண இரும்பையும் ஒதுக்க மட்டுமே காந்தம் உதவும்.

பிறகு பொருள்களை அடுக்கினார்கள். முதல் அலமாரியின் மேல் தட்டுகளில் ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக், கந்தக அமிலங்கள். கீழ்த் தட்டில் இடம் மிஞ்சியதால் அம்மோனியா. இரண்டாவதில் கரைப்பான்கள், கதவில் சிவப்பு எழுத்தில் எரியும் தன்மையுள்ளவை என்ற ஸ்டிக்கர். மூன்றாவதில் உப்புகளும் இண்டிகேட்டர்களும். மூன்று அலமாரிகளின் கதவுகளிலும் காற்றோட்டத்துக்கெனப் பிளவுகள் வெட்டப்பட்டிருந்தன. எதற்கும் எக்ஸாஸ்ட் இணைப்பு இல்லை.

முதல் அறிகுறிகள்

சில வாரங்களில் முதல் அலமாரியின் உள்பக்கம் முழுவதும் மெல்லிய வெள்ளைத் தூள் படியத் தொடங்கியது. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது என்று நினைத்து, ஆய்வக உதவியாளர் அதை நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்து வந்தார். சில மாதங்களில் தட்டுகளின் ஓரங்களில் தேநீர்க் கறை போன்ற பழுப்பு வரிகள் தெரிந்தன. ரிவெட்டுகளைச் சுற்றி வளையமாகத் துரு வந்தது. நிர்வாகத்துக்குச் செய்தி போனதும், தேய்த்துப் பாலிஷ் போடும் பொருள் ஒன்றை வாங்கித் தந்தார்கள்; கறை போனது, சில நாளில் திரும்பி வந்தது.

இதுவரை இது அழகு பற்றிய குறையாகவே இருந்தது. உலோகப் பரிசோதனையின் பிளாங்க் அளவுகளில் மாற்றம் வந்தபோதுதான் அது தொழில்நுட்ப மேலாளரின் மேசைக்கு வந்தது. மாதிரி ஏதும் சேர்க்காமல் அமிலத்தையும் தூய நீரையும் மட்டும் டைஜஷன் செய்து அளக்கும் பிளாங்க்கில் இரும்பின் அளவு மெல்ல மேலேறி, கட்டுப்பாட்டு வரைபடத்தின் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியது. கூடவே மாங்கனீசும் ஏறியது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500:2012 தரத்தில் மாங்கனீசின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான், அவ்வளவு குறைந்த அளவை நம்பி அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் பிளாங்க் அசைந்தால் அறிக்கையே அசையும். அமிலத்தின் லாட்டை மாற்றினார்கள், தூய நீர்க் கருவியின் வடிகட்டியை மாற்றினார்கள், கண்ணாடிக் கலன்களை மீண்டும் ஊறவைத்தார்கள். புதிய பாட்டிலைத் திறந்த நாளில் பிளாங்க் இறங்குவதும், அதே பாட்டில் இரண்டு வாரம் அலமாரியில் இருந்தபின் ஏறுவதும் தெரிந்தன.

ஓர் இளநிலை வேதியியலர்தான் முடிச்சைப் பிடித்தார். நைட்ரிக் அமில பாட்டிலின் மூடிக்கும் கழுத்துக்கும் இடையில் மிகச் சன்னமான பழுப்புப் பொடி படிந்திருப்பதை அவர் வெள்ளை டிஷ்யூவால் துடைத்துக் காட்டினார். மேல் தட்டின் அடிப்பக்கத்திலிருந்து உதிரும் துரு, அதற்கு அடுத்த தட்டிலுள்ள பாட்டிலின் தோளில் விழுகிறது. மூடியைத் திறந்து சாய்க்கும்போது அமிலத்தோடு சேர்ந்து போகிறது. பணியிடச் சூழல் முடிவுகளைக் கெடுக்கக் கூடாது என்று 17025 தரத்தின் 6.3 பிரிவு கேட்பதால், அன்றே தரத்துக்கு இணங்காமைப் பதிவு எழுதப்பட்டது. அதன் தொடர்ச்சியாகவே நான் அழைக்கப்பட்டேன்.

நேரில் கண்டவை

வெள்ளைத் தூளைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்க வெளியே போக வேண்டியிருக்கவில்லை. ஆய்வகத்திலேயே எல்லாம் இருந்தது. தூளைத் தூய நீரில் கரைத்து, சில துளி நைட்ரிக் அமிலம் விட்டு, வெள்ளி நைட்ரேட் சேர்த்ததும் கரைசல் பால்போல் வெளுத்தது. இன்னொரு பங்கில் காரக் கரைசல் விட்டுச் சூடாக்கியபோது அம்மோனியா நெடி எழுந்தது, ஈரமான சிவப்பு லிட்மஸ் நீலமானது. அது அம்மோனியம் குளோரைடு. மேல் தட்டிலிருந்து இறங்கிய ஹைட்ரஜன் குளோரைடு ஆவியும் கீழ்த் தட்டிலிருந்து எழுந்த அம்மோனியாவும் அலமாரிக்குள் சந்தித்து உண்டாக்கியது. நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்தது அந்தக் குளோரைடைக் கரைத்து, தட்டு மடிப்புகளிலும் ரிவெட் இடுக்குகளிலும் சேர்த்துவிட்டது. உதவியாளர் தம் வேலையை ஒழுங்காகச் செய்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது என்ன தூள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இரவில் குளிரூட்டி நிறுத்தப்படுவது நிலையை மோசமாக்கியது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டும்போது அம்மோனியம் குளோரைடு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலோர இரவுகளில் அந்த அளவு சாதாரணம். பகலில் உலர்ந்த தூளாகவும் இரவில் உப்புநீர்ப் படலமாகவும் மாறி மாறி இருந்த அந்தப் படிவு, எஸ்.எஸ். தகட்டைக் காக்கும் குரோமியம் ஆக்சைடுப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைத்திருந்தது. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது ஊசிமுனை அளவுப் பள்ளங்கள் தட்டு முழுவதும் தெரிந்தன.

அடுத்து தகட்டின் தரம். முதலில் சொட்டுச் சோதனைத் திரவத்தால் பார்த்தோம். கதவில் ஒரு நிறமும் தட்டில் வேறு நிறமும் காட்டியது. அந்தச் சோதனை ஐயத்தை எழுப்ப மட்டுமே போதும் என்பதால், உலோகத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று எக்ஸ் கதிரால் அளக்கும், கையில் பிடிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியை வாடகைக்கு வரவழைத்து ஒவ்வொரு பாகமாக அளந்தோம். கதவுகளும் பக்கச் சுவர்களும் 304-க்குரிய 18 சதவீதக் குரோமியம், 8 சதவீத நிக்கல் அளவை ஒட்டி இருந்தன. தட்டுகளிலும் பின்தகட்டிலும் குரோமியம் 15 சதவீதத்தை ஒட்டியும், நிக்கல் 1 சதவீதத்தை ஒட்டியும், மாங்கனீசு 9 சதவீதத்தை ஒட்டியும் இருந்தன. அதாவது கண்ணுக்குத் தெரியும் பாகம் 304, உள்ளே இருப்பது 200 வரிசை. பிளாங்க்கில் மாங்கனீசும் கூடவே ஏறியதற்கு இது பொருந்தி வந்தது. ரிவெட்டுகளும் கீல்களின் ஊசிகளும் துத்தநாகம் பூசிய சாதாரண இரும்பு. தட்டுகளின் கனத்தை மைக்ரோமீட்டரால் அளந்தபோது 0.8 மில்லிமீட்டர்தான் இருந்தது. 2.5 லிட்டர் கந்தக அமில பாட்டில் ஒன்று கண்ணாடியோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 6 கிலோ. தட்டுக்கு ஒரு டஜன் வைத்தால் 70 கிலோவைத் தாண்டும். தட்டுகள் நடுவில் தொய்ந்திருந்ததற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அலமாரியின் கால்களிலும் அடி விளிம்பிலும் தனியாக ஒரு துரு வரிசை இருந்தது. உள்ளிருந்த ஆவிக்கும் அதற்கும் தொடர்பில்லை. தரையைத் துடைக்க வரும் ஒப்பந்தப் பணியாளர்கள், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரையும், கறை போகாத இடத்தில் கழிவறைக்கான ஆசிட் கிளீனரையும் பயன்படுத்தி வந்தார்கள். இரண்டும் குளோரைடைத் தருபவை.

என்னை மிகவும் கவலைப்படுத்தியது துருப்பிடித்த அலமாரியைவிட, துருவே இல்லாமல் பளபளவென்று நின்ற இரண்டாவது அலமாரிதான். அதில் ஹெக்சேனும் அசிட்டோனும் இருந்தன. இரண்டின் தீப்பற்று வெப்பநிலையும் (தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழும் வெப்பநிலை) சுழியத்துக்கு ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் கீழே. அலமாரியோ ஒற்றைத் தகடு, கதவில் திறந்த பிளவுகள், தரையோடு ஒட்டிய கதவு விளிம்பு, ஒரே நாக்குள்ள சாதாரணப் பூட்டு. உள்ளே ஒரு பாட்டில் உடைந்தால் திரவம் கதவின் அடி வழியே வெளியே ஓடும். வெளியே தீப்பிடித்தால் ஒரு மில்லிமீட்டர்த் தகடு வெப்பத்தை உள்ளே விடச் சில நிமிடம்கூடத் தாமதிக்காது. கதவிலிருந்த ஸ்டிக்கர் பணியாளர்களுக்குக் கொடுத்த நம்பிக்கைக்கு அந்த அலமாரியில் எந்த ஆதாரமும் இல்லை.

தகட்டின் தரமா, தேர்வின் பொருத்தமா

எக்ஸ்.ஆர்.எஃப். முடிவு வந்ததும் நிர்வாகம் முழுப் பழியையும் விற்பனையாளர்மீது வைக்க விரும்பியது. அவர் தந்திருந்த ஆலைச் சான்றிதழ் உண்மையானதுதான். ஆனால் அது 304 தகட்டுச் சுருள் ஒன்றுக்கானது, அலமாரியின் எந்தெந்தப் பாகம் அந்தச் சுருளிலிருந்து வந்தது என்பதை அது சொல்லவில்லை. அந்த வகையில் நிர்வாகத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் 304 என்று உறுதியான கதவின் உள்பக்கத்தைக் காட்டி அவர்களை நிறுத்த வேண்டியிருந்தது. அங்கேயும் பள்ளங்கள் இருந்தன. எண்ணிக்கையில் குறைவு, ஆழமும் குறைவு, ஆனால் தொடங்கிவிட்டன. தட்டுகளும் 304-ஆக இருந்திருந்தால் இந்தப் புகார் ஓராண்டோ ஈராண்டோ தள்ளி வந்திருக்கும் என்பதே என் கணிப்பு.

விற்பனையாளர் சமரசமாக, எல்லாவற்றையும் 316 தரத்தில் மாற்றித் தருவதாகவும் விலை வித்தியாசத்தில் பாதியை ஏற்பதாகவும் முன்வந்தார். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. அதனால் கடற்காற்றின் உப்பையும் நீர்த்த குளோரைடையும் அது 304-ஐவிட நன்றாகத் தாங்கும். மூடியின் மரையில் ஒட்டியிருக்கும் 37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி, ஈரம் படிந்த தகட்டின்மேல் மீண்டும் அமிலமாகக் கரைந்து நிற்பதை 316-உம் தாங்காது. ஆய்வகத்தினர் இதைத் தாங்களே உறுதி செய்துகொள்ள விரும்பினார்கள். 316 தகட்டின் சிறு துண்டு ஒன்றை, மூடி தளர்த்திய அமில பாட்டில் வைத்த கண்ணாடித் தொட்டிக்குள் தொங்கவிட்டு வைத்தார்கள். சில நாளிலேயே துண்டின் கீழ் விளிம்பு பச்சையும் பழுப்புமாகக் கசியத் தொடங்கியதைப் பார்த்தபின் அந்தப் பேச்சு முடிந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் வேலையாகப் பொருள் பட்டியல் எழுதப்பட்டது. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் மாதச் செலவு, கையிருப்பு, எதனோடு சேரக் கூடாது, எந்த உலோகத்தைத் தின்னும் என்ற நான்கு விவரங்கள். இதை எழுதும்போதே கையிருப்பு தேவைக்கு மிஞ்சியிருப்பது வெளிப்பட்டது. தள்ளுபடிக்காக ஆறு மாதத்துக்கு வாங்கிக் குவித்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு மாதத் தேவைக்குக் குறைக்கப்பட்டது. ஹெக்சேன் ஹைட்ரோகார்பன் என்பதாலும் அதன் தீப்பற்று வெப்பநிலை மிகக் குறைவு என்பதாலும் 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தின் ஏ வகுப்பில் வருகிறது. விற்பனைக்கல்லாமல் வைத்திருக்கும்போது 30 லிட்டருக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. அந்த வரம்புக்குக் கீழே கையிருப்பை நிறுத்துவதும் பட்டியலில் எழுதப்பட்டது.

அமிலங்களுக்குப் பாலிபுரோப்பிலீன் பலகைகளை வெல்டு செய்து கட்டிய அலமாரி தேர்வு செய்யப்பட்டது. கீல், பிடி, தட்டுத் தாங்கி எல்லாம் பிளாஸ்டிக். ஒரு திருகுகூட உலோகமாக இருக்கக் கூடாது என்று ஆர்டரில் எழுதினோம். பவுடர் கோட்டிங் செய்த இரும்பு அலமாரி விலை குறைவு. ஆனால் பாட்டிலை இழுத்து வைக்கும் இடத்தில் பூச்சு கீறிவிட்டால் துரு பூச்சுக்கு அடியிலேயே பரவும் என்பதாலும், உலோகப் பரிசோதனை ஆய்வகத்துக்கு உலோகமே இல்லாத அலமாரி ஏற்றது என்பதாலும் அது கைவிடப்பட்டது.

நைட்ரிக் அமிலத்தைப் பற்றி மூத்த வேதியியலர் ஒருவர் சரியான மறுப்பு ஒன்றை எழுப்பினார். தொழிற்சாலைகளில் நைட்ரிக் அமிலத்தை எஸ்.எஸ். தொட்டிகளில்தானே சேமிக்கிறார்கள், அதை மட்டும் 304 அலமாரியில் வைத்தால் என்ன என்று கேட்டார். அவர் சொன்ன வேதியியலில் பிழை இல்லை. நைட்ரிக் அமிலம் 304-இன் ஆக்சைடுப் படலத்தை வலுப்படுத்தவே செய்யும். ஆனால் அதே அறையில் ஹைட்ரோகுளோரிக் ஆவி இருக்கும்வரை அந்தத் தகடு பாதுகாப்பாக இராது. எனவே நைட்ரிக்கும் பாலிபுரோப்பிலீன் அலமாரியின் தனி அறைக்குப் போனது. அடர் நைட்ரிக் சிந்தினால் பாலிபுரோப்பிலீனையும் நாளடைவில் மஞ்சளாக்கி நொறுங்கச் செய்யும் என்பதால், அந்த பாட்டில்களின் கீழே மட்டும் போரோசிலிகேட் கண்ணாடித் தட்டு வைக்கப்பட்டது. மற்ற அமிலங்களின் கீழே, மிகப் பெரிய பாட்டிலின் கொள்ளளவில் 110 சதவீதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டுகள். அம்மோனியாவை அறையின் எதிர்ப்பக்கத்தில், ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட்டின் கீழுள்ள காற்றோட்ட அறைக்கு மாற்றினார்கள்.

கரைப்பான்களுக்கான அலமாரியில் எஸ்.எஸ். வேண்டும் என்ற விருப்பம் மீண்டும் எழுந்தது. தீப்பாதுகாப்பு அலமாரியாக வழக்கமாக வரும் மஞ்சள் பெட்டி நிர்வாக இயக்குநருக்குக் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. கரைப்பான் ஆவி எஸ்.எஸ். தகட்டைத் தொடாது, ஆகவே அந்த உலோகம் இங்கே பொருந்தும் என்பது உண்மை. ஆனால் இந்த இடத்தில் முதலில் கேட்க வேண்டியது எந்த உலோகம் என்பதை அன்று, தீயை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையே. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 30 விதித்தொகுப்பு இரட்டைச் சுவர், இடையே 38 மில்லிமீட்டர் இடைவெளி, கதவின் அடியில் 50 மில்லிமீட்டர் உயர்ந்த திரவத் தடுப்பு, மூன்று இடங்களில் பூட்டிக்கொள்ளும் கதவு ஆகியவற்றைக் கேட்கிறது, ஐரோப்பாவின் ஈ.என். 14470-1 தரம் அலமாரியை உலையில் வைத்துச் சோதித்து 15, 30, 60, 90 நிமிடம் என்று வகை பிரிக்கிறது. இரண்டிலும் எஸ்.எஸ். என்பது நிபந்தனை இல்லை. இந்தத் தேவைகளை நிறைவு செய்யும் எஸ்.எஸ். அலமாரியும் சந்தையில் உண்டு, ஆனால் கையிலிருந்த தொகைக்கு அது எட்டவில்லை. சோதனைச் சான்றுள்ள, பவுடர் கோட்டிங் செய்த இரட்டைச் சுவர் அலமாரி வாங்கப்பட்டது. அந்த அறையில் எக்ஸாஸ்ட் வசதி இல்லாததால் அதன் காற்றுத் துளைகள் தயாரிப்பாளர் தந்த மூடிகளால் அடைக்கப்பட்டன. பாலிபுரோப்பிலீன் எரியக்கூடியது என்பதால் இரண்டு அலமாரிகளும் வெவ்வேறு சுவர்களில் நிறுத்தப்பட்டன.

பழைய மூன்று அலமாரிகளை என்ன செய்வது என்பதில் நீண்ட பேச்சு நடந்தது. விற்பனையாளர் தட்டுகளையும் பின்தகட்டையும் 304-இல், 1.2 மில்லிமீட்டர்க் கனத்தில், எஸ்.எஸ். ரிவெட்டுகளோடு செலவின்றி மாற்றித் தர ஒப்புக்கொண்டார். வெல்டிங் செய்த இடங்களின் கருநிறம் நீங்கும்வரை சுத்தம் செய்து பாசிவேஷன் (அமிலக் கழுவலால் ஆக்சைடுப் படலத்தை மீட்பது) செய்து தர வேண்டும் என்பதும் எழுத்தில் வாங்கப்பட்டது. அமில அலமாரியாக இருந்தது கண்ணாடிக் கலன்களுக்குப் போனது. கரைப்பான் அலமாரியாக இருந்தது நுண்ணுயிரியல் பிரிவுக்குப் போனது. வளர்ப்பூடகங்களும் பெட்ரி தட்டுகளும் இருக்கும், நாள்தோறும் 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்கப்படும் அந்த இடமே எஸ்.எஸ். அலமாரிக்கு உரிய இடம்: துடைக்கத் துடைக்கத் தாங்கும், மரத்தைப்போல ஈரத்தை உறிஞ்சாது, பூச்சு உரிந்து விழாது. ஹைபோகுளோரைட்டால் (பிளீச் கரைசல்) துடைக்க நேர்ந்தால் சிறிது நேரத்தில் நல்ல நீரால் கழுவிவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனை கதவின் உள்ளே ஒட்டப்பட்டது. உப்பு அலமாரி இருந்த இடத்திலேயே நின்றது.

நடைமுறைக்கு வந்தபின்

பாட்டில்கள் இடம் மாறிய மாதத்திலேயே இரும்பு, மாங்கனீசு பிளாங்க் அளவுகள் பழைய நிலைக்கு இறங்கின. அடுத்த காலாண்டு முழுவதும் கட்டுப்பாட்டு வரைபடத்தில் அசைவு இல்லை. வெள்ளைத் தூள் மீண்டும் வரவில்லை.

எக்ஸாஸ்ட் அமைப்பு மட்டும் எளிதில் சரியாகவில்லை. அமில அலமாரியிலிருந்து மாடிக்குச் செங்குத்தாக ஏற்றிய பி.வி.சி. குழாயில், குளிர்ந்த இரவுகளில் ஆவி படிந்து அமிலத் துளிகளாக அலமாரிக்குள்ளேயே சொட்டியது. அலமாரியை விட்டு வெளியேறும் இடத்தில் குழாயைச் சற்றே வெளிப்புறம் சரித்து, அடியில் துளிகள் சேரும் சிறு குப்பி ஒன்றைப் பொருத்தியதும் அது நின்றது. மின்பணியாளர் கையிலிருந்த இரும்பு புளோயரை மாட்டியிருந்தார். அதன் விசிறி இறக்கைகள் முதல் மழைக்காலத்தைத் தாண்டவில்லை. பாலிபுரோப்பிலீன் இறக்கையுள்ள புளோயர் பிறகு வந்தது. குழாயின் வாய் முதலில் குளிரூட்டியின் வெளிப்புறப் பெட்டிக்கு அருகே இருந்தது. அதன் அலுமினியத் துடுப்புகள் பொடிந்து உதிர்ந்தபின் குழாய் மொட்டைமாடிக்கு மேல் உயர்த்தப்பட்டது. அலமாரிக்கு விலைப்புள்ளி கேட்டபோதே புளோயர், குழாய், வெளியேறும் இடம் மூன்றையும் சேர்த்துக் கேட்டிருந்தால் இந்த மூன்று செலவுகளும் இரட்டிப்பாகியிருக்காது.

தரைத் துடைப்பில் பிளீச்சிங் பவுடர் நிறுத்தப்பட்டு, காரத்தன்மையற்ற சோப்புத் திரவம் வந்தது. ஒப்பந்தப் பணியாளர்கள் மாறும்போதெல்லாம் ஆசிட் கிளீனர் மீண்டும் எட்டிப் பார்க்கிறது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பை உதவியாளரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இனி மாற வேண்டியவை

ஆய்வகத்தின் கொள்முதல் படிவம் மாற்றி எழுதப்பட்டுள்ளது. அலமாரி கேட்கும் கோரிக்கையோடு அதில் வைக்கப்போகும் பொருள்களின் பட்டியல் இணைக்கப்படாவிட்டால் கோரிக்கை திரும்பி வரும். பட்டியலில் வேதியியலர் கையெழுத்து இருக்க வேண்டும். எஸ்.எஸ். என்று கேட்கும் இடத்தில் கதவு, சுவர், பின்தகடு, தட்டு, கீல், ரிவெட் ஒவ்வொன்றின் தரமும் தனித்தனியே எழுதப்படும். கனம் கேஜில் (தகட்டின் கனத்தைக் குறிக்கும் எண்) இல்லாமல் மில்லிமீட்டரில் குறிக்கப்படும், ஏனெனில் ஒரே கேஜ் எண்ணை ஆளுக்கொரு அளவாகப் பொருள் கொள்கிறார்கள். சான்றிதழிலுள்ள உருக்கு எண் (எஃகு எந்தத் தொகுதியில் உருக்கப்பட்டது என்று காட்டும் எண்) தகட்டில் அச்சிட்ட எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பொருள் வந்து இறங்கும் நாளில் எக்ஸ்.ஆர்.எஃப். வாடகை கொள்முதல் செலவிலேயே சேர்க்கப்படும். மூன்று அலமாரிக்கு ஆகும் வாடகை, ஒரு தட்டின் விலையைவிடக் குறைவாகவே வந்தது.

தீராமல் நிற்பது கிளேசியல் அசிட்டிக் அமிலம். அதன் தீப்பற்று வெப்பநிலை 39 டிகிரி என்பதாலும், நைட்ரிக் அமிலத்தோடு அது சேரவே கூடாது என்பதாலும் கரைப்பான் அலமாரியில் வைத்தோம். கடைசியாகப் பார்த்தபோது அந்த அலமாரியின் மேல் கீல் லேசாகப் பழுப்பேறியிருந்தது. இப்போதைக்கு அதை 500 மில்லிலிட்டர் பாட்டில்களாக மட்டும் வாங்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து அதே அலமாரியின் கீழ்த் தட்டில் வைத்திருக்கிறார்கள். கீலை மாதந்தோறும் படம் எடுத்துக் கோப்பில் சேர்க்கிறார்கள். பழுப்பு வளர்ந்தால் அதற்கென்று சிறிய தனி அலமாரி வாங்க வேண்டியிருக்கும். அதற்கான தொகை அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கேட்கப்பட்டுள்ளது.